பிளேக் மாரியம்மனும் ஒரு தெள்ளுப்பூச்சியும்

மாரியம்மனுக்கு எத்தனையோ பெயர்கள். சமயபுரத்து மாரி, பண்ணாரி மாரி, முத்துமாரி, கருமாரி... ஆனால் ஆங்கிலப் பெயர் கொண்ட மாரியம்மனைப் பார்த்திருக்கிறீர்களா? கோவை நகரத்தின் பழைய தெருக்களில் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கோவில்கள் இருக்கின்றன. (பெங்களூரிலும் 'பிளேகம்மா' உண்டு.) அந்த வழியாகத் தினமும் போகிறவர்களில் பலருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. நூறு வருடத்துக்கு முன்னால் கொங்கு நாட்டையே காலி செய்ய வைத்த ஒரு நோயின் மிச்சம் அது.

கதை கொங்கு நாட்டில் தொடங்கவில்லை. சீனாவின் யுன்னான் மலைப்பகுதியில் இருந்த பிளேக், 1894ல் ஹாங்காங் துறைமுகத்துக்கு வந்தது. அங்கே அலெக்சாண்டர் யெர்சின் என்ற மருத்துவர் ஓலைக் கொட்டகை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு, இறந்தவர்களின் கட்டிகளில் இருந்து கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று அந்தக் கிருமியின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். இரண்டே வருடத்தில், 1896 செப்டம்பரில், பம்பாயின் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் முதல் நோயாளிகளை அடையாளம் கண்டார். அங்கிருந்து ரயிலேறி நாடு முழுவதும் பரவியது. 1898ல் பெங்களூர். அடுத்து சேலம், கோவை, நீலகிரி, மதுரை மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு.

கோவையில் அது என்ன செய்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே சாட்சி. 1901ல் நகரத்தின் மக்கள்தொகை 53 ஆயிரத்துக்குச் சற்று மேல். 1911ல் அது சுமார் 47 ஆயிரம்! பஞ்சாலைகள் வளர்ந்துகொண்டிருந்த, வேலை தேடி ஆட்கள் வந்துகொண்டிருந்த ஊர் அது. பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டியது குறைந்திருக்கிறது. இறந்தவர்கள் மட்டுமல்ல, பயந்து ஊரைவிட்டுப் போனவர்களும் இந்தக் குறைவில் அடக்கம் என்று கொள்ளலாம்.

அன்றைய மக்களுக்குக் கிருமி தெரியாது, ஆனால் அறிகுறி தெரியும். கூரையில் இருந்து எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும். சட்டி பானையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள்ளும் தோட்டத்துச் சாளையிலும் போய்க் குடியிருப்பார்கள். மழையும் பனியும் போய் வெயில் ஏறியதும் திரும்பி வருவார்கள். இதை அறியாமை என்று சிரிக்க வேண்டாம். எலி செத்த வீட்டை விட்டு விலகுவது அன்றைக்கு இருந்த எந்த மருந்தை விடவும் நல்ல தற்காப்பு. ஈரோட்டில் பிளேக் வந்தபோது வசதியுள்ளவர்கள் வெளியேற, ஈ.வெ.ரா. ஊரிலேயே இருந்து பிணங்களைத் தோளில் சுமந்து அப்புறப்படுத்தினார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கோவை ஆர்.எஸ். புரமும் (ரத்தினசபாபதி முதலியார் பெயரில் அமைந்தது) இந்த நோய்க்குப் பிறகு நெருக்கடியான பழைய ஊரை விட்டு விலகி, அகலத் தெருக்களோடு எழுந்த பகுதிதான்.

சரி, இங்கே ஒரு புதிர். பம்பாய்க்கு அடுத்தபடியாகக் கப்பலும் ரயிலும் கூட்டமும் அதிகம் உள்ள ஊர்களில் ஒன்று சென்னை. பிளேக் அங்கேதான் தாண்டவம் ஆடியிருக்க வேண்டும். ஆனால் சென்னை ஏறக்குறைய தப்பித்தது, உள்நாட்டில் இருந்த கோவை மாட்டிக்கொண்டது. ஏன்?

அரசாங்கம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் (கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இவர் பெயரில்தான் இருக்கிறது) 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தார். நோயுள்ள ஊரில் இருந்து ரயிலில் வருகிறவருக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள். அவர் போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் வரை அதிகாரி முன்னால் ஆஜராக வேண்டும். பயணிக்குத் தொல்லைதான். ஆனாலும் பூனாவில் சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பி, அதன் விளைவாக 1897ல் அதிகாரி ராண்ட் சாபேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டதை நினைத்தால், இது எவ்வளவோ மேல்.

ஆனால் சீட்டு மனிதர்களுக்குத்தான். எலிக்கும் பஞ்சுப் பொதிக்கும் சீட்டு கிடையாதே!

1898 ஜூனில், கராச்சியில், பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சின்ன சோதனை செய்தார். பிளேக் வந்த எலியையும் நல்ல எலியையும் ஒரே ஜாடியில் கம்பிவலைக்கு இருபுறம் வைத்தார். ஒன்றை ஒன்று தொட முடியாது, தெள்ளுப்பூச்சி மட்டும் தாண்டலாம். நல்ல எலியும் செத்தது. யாரும் நம்பவில்லை! பம்பாயில் 1905க்குப் பிறகு பெரிய அளவில் சோதனை செய்து பார்த்த பின்தான் உலகம் ஒப்புக்கொண்டது. நோயைச் சுமப்பது எலியின் மேல் இருக்கும் தெள்ளு.

எந்தத் தெள்ளு என்பது அடுத்த கேள்வி. கொழும்பு நகரசபையின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட் 1913ல் எலிகளைச் சீவித் தெள்ளுகளை எண்ணினார். பம்பாய் எலியில் இருந்தது சீயோப்பிஸ் என்ற இனம். (சூடானில் இதைக் கண்டெடுத்த ராத்ஸ்சைல்டு, பிரமிடு கட்டிய எகிப்து மன்னன் க்யோப்ஸின் பெயரை இதற்கு வைத்தார்.) கொழும்பிலும் சென்னையிலும் பெரும்பான்மையாக இருந்ததோ ஆஸ்டியா என்ற வேறு இனம். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, நுண்ணோக்கி இல்லாமல் பிரித்தறிய முடியாது. ஆனால் ஆஸ்டியா பிளேக்கைப் பரப்புவதில் மந்தம். சென்னையைக் காப்பாற்றியதில் கிங் துரையின் சீட்டை விட இந்தச் சோம்பேறித் தெள்ளுக்குத்தான் பங்கு அதிகம் இருக்க வேண்டும். 1914ல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது, இந்தியாவில் இருந்து அரிசி வந்து இறங்கும் கிட்டங்கிகளின் பக்கம்தான் சீயோப்பிஸ் கூட்டம் காணப்பட்டது.

தெள்ளின் வயிற்றில் நடப்பது இன்னும் விசித்திரம். 1914ல் பேகாட், மார்ட்டின் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். கிருமிகள் பெருகித் தெள்ளின் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே அடைப்பு போட்டுவிடும். உறிஞ்சிய ரத்தம் உள்ளே போகாது. பசி அடங்காத தெள்ளு திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் அடைப்பில் பட்டுத் திரும்பும் ரத்தத்தோடு கிருமியும் காயத்துக்குள் போகும். கடும் வெயிலில் இந்த அடைப்பு நிலைக்காது, காற்றில் ஈரம் இல்லாவிட்டால் தெள்ளே செத்துவிடும். வெயில் ஏறியதும் ஊருக்குத் திரும்பலாம் என்று கொங்கு மக்கள் அனுபவத்தில் கண்டுபிடித்ததற்கு விஞ்ஞானக் காரணம் இதுதான்.

இப்போது கொங்கு நாட்டின் வரைபடத்தைப் பாருங்கள். 1860களிலேயே சென்னையில் இருந்து சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாகப் போத்தனூருக்கு ரயில் பாதை. 1888ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோவையின் முதல் பஞ்சாலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தி. திருப்பூரில் பருத்திச் சந்தை, ஜின்னிங் ஆலைகள். (பனியன் தொழில் வந்தது இதற்கெல்லாம் பிறகு, 1920களில்தான்.) பஞ்சைப் பிரித்தால் மிஞ்சுவது பருத்திக் கொட்டை. மாட்டுக்குத் தீவனம், எலிக்கு விருந்து. கடலோரச் சென்னையைப் போலப் புழுங்காத, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊர்கள். எலிக்கும் தெள்ளுக்கும் இதைவிட வசதி என்ன வேண்டும்? இந்த ஊர்களை வளர்த்த ரயிலும் பருத்தியும்தான் நோய்க்கும் வழி போட்டுக் கொடுத்தன.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் 'நெறி கட்டும்' அல்லவா? அது நம் உடம்பின் எல்லைக் காவல். நிணநீர் முடிச்சுகளில் வெள்ளை அணுக்கள் கூடிக் கிருமியோடு சண்டை போடுகின்றன, அதனால் வீக்கம். சாதாரணக் கிருமி என்றால் அங்கேயே கதை முடிந்துவிடும். பிளேக் கிருமியோ தெள்ளின் குளிர்ந்த வயிற்றில் ஒரு வேடத்திலும், மனிதனின் 37 டிகிரி சூட்டில் வேறு வேடத்திலும் இருக்கும். சூடு பட்டதும் சில ஜீன்கள் விழித்துக்கொள்ளும். தன் மேலுறையை நம் உடம்பு எளிதில் அடையாளம் காணாதபடி மாற்றிக்கொள்ளும். விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குள் ஊசி போலக் குத்தி, அதன் வேலையை நிறுத்தும் புரதங்களைச் செலுத்தும். காவல் நிலையமே கிருமியின் பண்ணையாகிவிடுகிறது! நெறி எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் வீங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை இறப்பார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டால் மருந்தில்லாமல் பிழைப்பது அரிது.

இந்தக் காவலை முன்கூட்டியே உஷார்ப்படுத்த முடியுமா என்று பார்த்தவர் வால்டெமார் ஹாஃப்கின். பம்பாயில், பிளேக் வந்த சில மாதங்களிலேயே தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று தனக்கே குத்திக்கொண்டார். குடுவையில் உள்ள சாற்றின் மேல் நெய் மிதக்கவிட்டு, அதில் இருந்து விழுது போலத் தொங்கும்படி கிருமியை வளர்த்து, பிறகு சூடாக்கிக் கொன்று ஊசியாக்கினார். ஆனால் 1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரே புட்டியில் இருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. புட்டியைத் திறந்த உதவியாளர் கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதுதான் காரணம் என்று தெளிவாகி, அவர் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொள்ள 1907 ஆகிவிட்டது. நடுவில் போன ஐந்து வருடங்களில்தான் பிளேக் இந்தியாவில் உச்சத்தில் இருந்தது. ஊசி என்றாலே ஓடி ஒளிந்தவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. 1896க்குப் பிறகு இந்தியா முழுவதும் இந்த நோய்க்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பலி.

1940களில் டிடிடி மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்த பிறகு பிளேக் ஒடுங்கியது. எல்லோரும் மறந்திருந்தபோது, 1994 செப்டம்பரில் சூரத்தில் மறுபடி முளைத்தது. சூரத்தும் திருப்பூரைப் போலவே வெளியூர்த் தொழிலாளர்களை நம்பி ஓடும் ஜவுளி நகரம். சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினார்கள். சில நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தையே நிறுத்தின. 'இது பிளேக்கே இல்லை' என்று நிபுணர்களில் ஒரு சாராரும், 'ஆம்' என்று மறுசாராரும் வருடக்கணக்கில் சண்டை. முடிவு சொன்னது டிஎன்ஏ. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் எஸ். சிவாஜியும் மற்றவர்களும் நோயாளிகளிடம் இருந்து எடுத்த கிருமியின் டிஎன்ஏ வரிசையைப் படித்து, அது யெர்சினியா பெஸ்டிஸ்தான் என்று 2000ல் வெளியிட்டார்கள்.

அடுத்த வருடமே, 2001ல், இங்கிலாந்தின் சாங்கர் மையம் இந்தக் கிருமியின் முழு டிஎன்ஏவையும் வெளியிட்டது. சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய வளையம், கூடவே மூன்று சின்ன வளையங்கள். இதன் தாய் வழி, வயிற்றுவலி தரும் ஒரு சாதாரணக் குடல் கிருமி! வெளியில் இருந்து சில ஜீன்களைச் சேர்த்துக்கொண்டு, தேவையில்லாத சுமார் 150 ஜீன்களைப் பழுதாக விட்டுவிட்டுக் கொலைகாரனாக மாறியிருக்கிறது. தெள்ளின் வயிற்றில் உயிர் பிழைக்க உதவுவது சின்ன வளையத்தில் உள்ள ஒரே ஒரு ஜீன். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களின் பற்களில் கிடைத்த பிளேக் டிஎன்ஏவை 2015ல் படித்துப் பார்த்தபோது, அந்த ஜீன் அதில் இல்லை. அதாவது, அந்தக் காலத்துப் பிளேக்குக்குத் தெள்ளில் ஏறிப் பயணம் செய்யத் தெரியாது.

கிருமி முற்றிலும் அழிந்துவிடவில்லை. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு சேரும் கிருஷ்ணகிரி, கோலார் பக்கத்துக் காடுகளில் வெள்ளெலிகளைப் பிடித்து ரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது.

பிளேக்குக்காக 1897ல் வெள்ளைக்காரன் போட்ட கொள்ளைநோய்ச் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கும் மாநிலங்கள் தூசி தட்டி எடுத்தன. திருப்பூரில் தையல் எந்திரங்கள் நின்றன, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். 2021 மே மாதம், திருப்பூரில் இருந்து கோவைக்குப் போகும் அதே ரயில் பாதையில் உள்ள இருகூரில், காமாட்சிபுரி ஆதீனத்தில் ஒரு புதிய சிலை வைத்து 48 நாள் பூஜை தொடங்கினார்கள். அந்த அம்மனின் பெயர் 'கொரோனா தேவி'.