ஜெருசலேமுக்குக் குழுவாகப் போவது: யாத்திரையா, டூரா?

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குப் பேசப்போற விஷயம் ஒரு நேயரோட கேள்வியிலிருந்து வந்தது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்கிற வன்னியம்பட்டியிலிருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. பங்குல புனித நாட்டுத் திருப்பயணம்னு ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்காங்க. பத்து நாள், கூட ஒரு ஃபாதர் வர்றார், ஏசி பஸ், மூணு வேளைச் சாப்பாடு. "தம்பி, பி.எஃப். பணத்துல போயிட்டு வரலாம்னு இருக்கேன். ஆனா எம் மகன், 'இது யாத்திரை இல்லம்மா, டூரு. வேளாங்கண்ணிக்கு நடந்து போனீங்களே, அதுதான் யாத்திரை'ங்கிறான். நீங்க வரலாறு பேசுறவரு, நீங்க சொல்லுங்க" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

பணத்தை எடுக்கலாமா கூடாதாங்கறதை அவங்கதான் முடிவு பண்ணணும். ஆனா மகன் சொன்னதுக்குள்ள ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கு. அந்தக் காலத்துல பக்தர்கள் தனியா, கஷ்டப்பட்டுப் போனாங்க, வழிகாட்டி, அட்டவணை, சாப்பாடு, கூட்டம் எல்லாம் டிராவல்ஸ்காரங்க கொண்டுவந்ததுன்னு நாம நினைச்சுக்கிறோம். உண்மை அப்படித்தானா?

நாலாம் நூற்றாண்டிலிருந்து ஆரம்பிப்போம். கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில்தான் ஜெருசலேமில் பெரிய கோவில்கள் எழும்புகின்றன. கல்லறைக் கோவில் 335-ல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 333-ல், இன்றைய பிரான்ஸின் போர்தோ நகரத்திலிருந்து ஒருவர் கிளம்பி வந்து, வழியில் எந்த ஊர், எத்தனை மைல், எங்கே குதிரை மாற்றலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். கையில் கிடைத்திருக்கும் மிகப் பழைய புனித நாட்டுப் பயணக் குறிப்பே கிட்டத்தட்ட ஒரு பயண அட்டவணைதான்!

அதுக்கப்புறம் 380-களில் எஜேரியா என்ற பெண் மேற்கிலிருந்து வந்தார். ஊரில் இருந்த தன் சகோதரிகளுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அவருக்கு வழி காட்டியவர்கள் உள்ளூர்த் துறவிகள், குருக்கள், ஆயர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் போனதும் என்ன செய்தார்கள் என்று எழுதுகிறார்: ஜெபம், அந்த இடத்துக்குரிய வேதாகமப் பகுதியை வாசிப்பது, பொருத்தமான ஒரு சங்கீதம், மறுபடி ஜெபம். இன்னைக்கு நம்ம ஊர் குழு கானாவில் இறங்கினதும் ஃபாதர் பைபிளைத் திறந்து கலியாண வீட்டுப் பகுதியை வாசிக்கிறாரே, அந்த முறைக்கு வயசு ஆயிரத்து அறுநூறுக்கு மேல. இடத்தைப் பார்ப்பது பாதிதான்; அந்த இடத்தில் நின்று வாசிக்கக் கேட்பது மீதிப் பாதி. வாசிக்க ஒருத்தர், கேட்க நாலு பேர் வேணும். குழு அங்கிருந்தே வருது.

அடுத்து, பேக்கேஜ் விவகாரம். 1187-ல் சலாவுதீன் ஜெருசலேமைச் சிலுவைப் போராளிகளிடமிருந்து கைப்பற்றினார். புனித பிரான்சிஸின் சபையார் 1217 முதல் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். 1342-ல் போப் ஆறாம் கிளமெண்ட், புனித இடங்களைக் கத்தோலிக்கர் சார்பில் கவனிக்கும் பொறுப்பை அதிகாரபூர்வமாக அவர்களிடமே கொடுத்தார். வருகிற யாத்ரீகரைச் சந்திப்பது, தங்க இடம் கொடுப்பது, வரிசையாக ஒவ்வொரு இடமாகக் கூட்டிப் போவது எல்லாம் அவர்கள் வேலை. கத்தோலிக்கக் குழுக்கள் பல கோவில்களில் பூசை வைக்க இன்றும் அவர்களிடம்தான் நேரம் பதிவு செய்கின்றன.

கப்பல் பக்கத்தை வெனிஸ் வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்கள். ஃபெலிக்ஸ் ஃபாப்ரி என்று ஒரு டொமினிக்கன் துறவி. ஜெர்மனியின் உல்ம் நகரத்து மடத்துக்காரர். 1480-ல் ஒரு முறை, 1483-ல் மறுபடி ஒரு முறை போனார். கப்பல் தலைவனோடு யாத்ரீகர்கள் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தையே அவர் பதிவு செய்து வைத்திருக்கிறார். போகவர எல்லாம் சேர்த்து ஒரு தொகை, தினம் ரெண்டு வேளைச் சாப்பாடு, வழியில் கட்டவேண்டிய வரிகள், துடுப்பு வலிப்பவர்கள் தொந்தரவு செய்யாமல் பாதுகாப்பு, கோழி வைத்துக்கொள்ளத் தளத்தில் ஓர் இடம் என்று போகிறது அது. பங்கு நோட்டீஸோட பின்பக்கத்துல பொடி எழுத்துல என்னென்ன அடங்கும்னு போட்டிருப்பாங்கல்ல, அதே சமாச்சாரம்தான்.

இன்னொன்னு கேளுங்க. ஃபாப்ரி முதல் பயணத்தில் புனித நாட்டில் இருந்தது ஒன்பது நாளுக்கு மேல் இல்லை. இரவு பகலாக ஓடவிட்டார்கள், எதையும் நிதானமாகப் பார்க்க முடியவில்லை என்று அவரே புலம்புகிறார். அந்தக் குறை தீரத்தான் ரெண்டாம் முறை கிளம்பினார். பத்து நாள் டூர்ல அவசர அவசரமா பஸ்ஸுல ஏத்துறாங்கன்னு நம்மாளுங்க சலிச்சுக்கறது புதுசில்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்கள் எண்ணிக்கைதான் கூடியது. தாமஸ் குக் 1869-ல் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் முதல் குழுவை அழைத்துப் போனார். 1882-ல் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் சுமார் ஆயிரம் பேர் ஒரே யாத்திரையாகக் கப்பலேறினார்கள். யாப்பா துறைமுகத்திலிருந்து ஜெருசலேமுக்கு 1892-ல் ரயில் வந்தது. ஆக, குழுவும் கட்டணமும் அட்டவணையும் யாத்திரைக்குள்ள டூர் நுழைஞ்சதுக்கான அடையாளம் இல்லை. அவை இல்லாம பெரும்பாலானவங்க அங்கே போயே இருக்க முடியாது.

இப்போ போக முடியாதவங்க கதைக்கு வர்றேன். எனக்கு இதுதான் முக்கியமாப் படுது.

அதே ஃபாப்ரியிடம் ஜெர்மனியில் இருந்த கன்னியாஸ்திரிகள் கேட்டார்கள்: நாங்கள் மடத்தை விட்டு வெளியே போகக்கூடாதே, நாங்கள் எப்படி ஜெருசலேம் போவது? 1490-களில் அவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். இன்று இந்த இடம், நாளை அந்த இடம் என்று நாள்வாரியாகப் பிரித்து, மடத்துக்குள் இருந்தபடியே மனசால் போய்வருகிற யாத்திரை அது.

இதுக்கு இன்னொரு வடிவம் நம்ம எல்லாருக்கும் தெரியும். சிலுவைப்பாதை. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கோவில் சுவரில் மாட்டியிருக்கும் பதினாலு படங்களுக்கு முன்னால் நின்று, முழங்காலிட்டு, எழுந்து, அடுத்ததுக்கு நகர்வோமே, அதுதான். ஜெருசலேம் போக முடியாதவங்களுக்காக ஜெருசலேமை ஊருக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. 1686-ல் போப் பதினொன்றாம் இன்னசென்ட், பிரான்சிஸ்கன் சபையார் தங்கள் கோவில்களில் இந்த நிலைகளை வைக்கவும், ஜெருசலேமில் நடந்தால் கிடைக்கும் அதே ஞானப் பலனை அங்கேயே பெறவும் அனுமதித்தார். 1726-ல் அந்தப் பலன் விசுவாசிகள் எல்லாருக்கும் நீட்டிக்கப்பட்டது. 1731-ல் எண்ணிக்கை பதினாலு என்று உறுதியானது, மற்றக் கோவில்களிலும் வைக்க வழி பிறந்தது.

இதுல ஒரு திருப்பம் இருக்கு. ஜெருசலேம் தெருவில் இருந்ததை ஐரோப்பா காப்பியடித்தது என்றுதானே நினைப்போம்? நடந்தது பெரும்பாலும் தலைகீழ். 1584-ல் கிறிஸ்தியான் வான் அட்ரிகெம் என்ற டச்சுக் குரு ஜெருசலேமைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். முந்தைய பயணிகளின் நூல்களையும் வரைபடங்களையும் வைத்து எழுதியது. அதில் பன்னிரண்டு நிலைகள் வருகின்றன. இன்று நாம் செய்யும் முதல் பன்னிரண்டும் அதே வரிசைதான். இப்படி ஐரோப்பாவில் பழகிப்போன வரிசைக்கு ஏற்பத்தான் ஜெருசலேமின் வியா டோலோரோசா தெருவில் நிலைகள் பின்னாளில் ஒழுங்காயின. அங்கே போகாதவர்களின் பக்தி, அங்கே போகிறவர்கள் நடக்கும் பாதையைத் தீர்மானித்திருக்கிறது. அதனால வன்னியம்பட்டியிலிருந்து ஒருத்தர் போய் அந்தத் தெருவில் நின்றால், புது இடத்துக்கு வந்த மாதிரி இருக்காது. அடுத்து எந்த நிலைன்னு அவங்க காலுக்கே தெரியும்.

நம்ம தமிழ்லயும் இப்படி ஒரு வேலை நடந்திருக்கு. வீரமாமுனிவர் மதுரை மிஷனில் பணிசெய்த இத்தாலிய இயேசு சபைக் குரு. அவருடைய தேம்பாவணி 1726-ல் முடிந்தது. சூசையப்பர் கதை, 36 படலம், 3615 பாடல். காப்பிய மரபுப்படி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கி, யூதேயா நாட்டைத் தமிழ்நாடு மாதிரியே வயலும் நீருமாகப் பாடுகிறார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துல கண்மாயும் வயலும் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்த யூதேயா நல்லாவே பிடிபடும். நிஜ யூதேயா வேற மாதிரி. ஜெருசலேமிலிருந்து கிழக்கே இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே மொட்டைப் பாலைவனம், அதற்குக் கீழே கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கும் கீழே சாக்கடல். மனசுல இருந்த பச்சை நாடும் கண்ணு பார்க்கிற காய்ஞ்ச நாடும் மோதுற இடத்துல சிலருக்கு ஏமாற்றம் வரும். சிலருக்கு அங்கேதான் நல்ல சமாரியன் கதையில் வரும் எரிகோ பாதை முதல் முறையாப் புரியும்.

சரி, காசு விஷயம். இந்தியாவும் இஸ்ரேலும் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டதே 1992 ஜனவரியில்தான். நம்ம ஊர்ப் பங்குகள்ல இந்த மாதிரி நோட்டீஸ் சகஜமானது அதுக்கு அப்புறம். தமிழ்நாடு அரசு 2011-ல் ஜெருசலேம் பயணத்துக்கு உதவி அறிவித்தது. முதலில் 500 பேருக்கு ஆளுக்கு 20,000 ரூபாய். பிறகு 600 பேராகி, 550 பேருக்கு 37,000 ரூபாயும், 50 கன்னியாஸ்திரிகளுக்கு 60,000 ரூபாயும் என்று உயர்ந்தது. ஃபாப்ரி காலத்துல மடத்தை விட்டு வெளியே வர முடியாதவங்களுக்கு இங்க தனி ஒதுக்கீடு! ஆனா ஒன்னு. பயணத்தை முடித்துவிட்டு வந்து விண்ணப்பித்தால்தான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையும் முதல்ல கையிலிருந்து போடணும். 600 இடம் மாநிலம் முழுசுக்கும். கையில சேமிப்பு இருக்கிறவங்களுக்கு இது ஒத்தாசை. கூலிக்குப் போறவங்களுக்கு இன்னும் கோவில் சுவர்தான் ஜெருசலேம். விதிகள் மாறும், அதனால புறப்படுறதுக்கு முன்னாடியே கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்துல கேட்டுக்கோங்க.

அந்த அம்மாவுக்கு நான் சொல்றது இதுதான். குழுவாப் போறதால அது யாத்திரை இல்லைன்னு ஆகாது. போகாததால உங்க பக்தி குறைஞ்சதும் ஆகாது. திருச்சபையே முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி அதைச் சொல்லியாச்சு. அதனால கடன் வாங்கிப் போகவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. போறதுன்னு முடிவெடுத்தா, நோட்டீஸ்ல மூணு விஷயம் பாருங்க.

ஒன்னு, எந்தக் கல்லறை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் வணங்குவது கல்லறைக் கோவிலில். 1883-ல் ஜெனரல் கார்டன், நகர மதிலுக்கு வெளியே இருந்த ஒரு குன்றுதான் கல்வாரி என்று வாதிட்டார். அதையொட்டிய தோட்டக் கல்லறைக்குப் புராட்டஸ்டன்ட் குழுக்கள் நிறையப் போவார்கள். எல்லாச் சபையாரும் கலந்த டூர்ல ரெண்டுக்கும் நேரம் இருக்கான்னு கேளுங்க.

ரெண்டு, கல்லறைக் கோவிலில் எவ்வளவு நேரம். அந்த ஒரு கட்டடத்தைக் கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், ஆர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என்று ஆறு சபைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. யாருக்கு எந்த மூலை, எந்த நேரம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டோமான் சுல்தான் ஆணை உறைய வைத்துவிட்டது. வாசல் சாவி இன்றும் முஸ்லிம் குடும்பத்தார் பொறுப்பில் இருக்கிறது. அதனால உங்க குழுவுக்குப் பூசை நேரம் விடியக்காலையில குடுத்தா கோவிச்சுக்காதீங்க.

மூணு, யாரைச் சந்திப்பீங்க. பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதி. அங்கே ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களே பெரும்பான்மை, இன்று சிறுபான்மை. ஒலிவ மரத்தில் சிற்பம் செதுக்கி யாத்ரீகர்களுக்கு விற்றுப் பிழைப்பது அங்கே பல குடும்பங்களின் தொழில். 2023 அக்டோபரில் போர் தொடங்கியதும் குழுக்கள் வருவது நின்றது. அந்த வருஷம் பெத்லகேமில் கிறிஸ்துமஸ் பொதுக் கொண்டாட்டமே இல்லை. பயணம் மறுபடி எப்போ பாதுகாப்புன்னு அரசு அறிவிப்பைப் பார்த்துத்தான் கிளம்பணும். போனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையாவது அந்த ஊர் ஜனங்களோட சேர்ந்து அரபி மொழியில கேட்கிற மாதிரி ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க. கல்லைப் பார்க்கப் போயிட்டு ஆளைப் பார்க்காம வரக்கூடாது.

ஒலிவ மலைமேல ஒரு கோவில் இருக்கு. இயேசு கற்பித்த ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிச் சுவர் முழுக்கப் பதித்திருப்பார்கள். அதுல தமிழும் உண்டு. அங்க பஸ் அரைமணி நேரம் நிக்கும். பத்தாதுன்னு இப்பவே வழிகாட்டிகிட்ட சொல்லி வெச்சிருங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.