மறைத்து வைத்த இடுக்கி

சிசுவின் தலை சிக்குண்டு பேறு தடைப்பட்டவிடத்து, முற்கால ஐரோப்பிய வைத்தியர் கொளுக்கியால் அதனைச் சிதைத்தெடுத்தே தாயைக் காக்க முயன்றனர். இந்நிலையை மாற்றிய கருவி மகப்பேற்று இடுக்கியாகும். அகப்பைபோல் வளைந்த அதன் இரு அலகுகளையும் ஒவ்வொன்றாக உட்செலுத்தித் தலையின் இருமருங்கும் அணைத்து, பின்னர் ஒன்றாய்ப் பூட்டி இழுப்பர். சிசு உயிருடன் பிறக்க இதனால் வழி பிறந்தது.

1569 இல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பிவந்த புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த மூத்த பீற்றர் சேம்பர்லனே இதனை ஆக்கியவர் எனக் கருதப்படுகின்றார். அக்குடும்பத்தார் நூறாண்டுக்கு மேலாக இதனைப் பிறரறியாது மறைத்தனர். கருவியைப் பெரிய பெட்டியொன்றில் கொணர்ந்து, தாயின் கண்களையும் கட்டிவிடுவர் என்பர். பரம்பரைப் பரிகாரிமார் மருந்தை மறைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம், மேனாட்டாரை மட்டும் இதற்காகப் பழித்தல் தகாது. எனினும், இங்கு மறைக்கப்பட்டது உயிர் காக்கும் வழி. அதனாற் பிழைத்திருக்கக்கூடிய சிசுக்கள் எத்தனை!

1670 இல் ஹியூ சேம்பர்லன் இவ்விரகசியத்தைப் பரிசில் விற்க முயன்றார். மருத்துவர் மொரிசோ, இடுப்பெலும்பு ஒடுங்கிய பெண்ணொருத்தியைச் சோதனைக்கு விட்டார். மூன்று மணிநேரம் முயன்றும் பயனில்லை. தாயும் சேயும் மாண்டனர். விலையும் படியவில்லை.

1730களில் ஏனைய மருத்துவர்கள் இடுக்கியைப் பற்றி வெளிப்படையாக எழுதலாயினர். சேம்பர்லன்களின் இடுக்கிகளோ 1813 இலேயே, எசெக்சில் அவர்கள் வாழ்ந்த வீட்டின் பலகைத் தளத்தின் கீழிருந்து வெளிப்பட்டன.