கேவெண்டிஷ் அமராத உருவப்படம்

வேதியியல் பாடநூல்களில் காணப்படும் ஹென்றி கேவெண்டிஷின் (1731–1810) உருவம் அவர் இசைவோடு வரையப்பட்டதன்று. மூன்று முனைத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்த அவ்வுருவம், அவரறியாமல் தீட்டப்பட்டது.

1766இல் ஹைட்ரஜனின் இயல்புகளை வகுத்துரைத்தவர். 1798இல் புவியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு எனக் கணித்தவர். பெருஞ்செல்வரான இவர் புதியவர்களின் பார்வையையே அஞ்சினார். வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் உணவு குறித்த கட்டளையைச் சீட்டில் எழுதிவைப்பதே அவர் வழக்கம். ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் ஓவியர் பலர்முன் அமர்ந்தவர். கேவெண்டிஷிடமோ அக்கோரிக்கையை எழுப்பவே எவரும் துணியவில்லை.

மக்கார்ட்னியின் சீனத் தூதுக்குழுவுடன் (1792–94) சென்ற ஓவியர் வில்லியம் அலெக்சாண்டர் அவரை வரைய விரும்பினார். அதே குழுவில் பணியாற்றிய ஜான் பாரோ வழி கூறினார். கேவெண்டிஷ் தவறாது வரும் ஓரிடம் ராயல் சொசைட்டி மன்றத்தின் விருந்து. பேங்க்ஸின் ஒப்புதலுடன் அலெக்சாண்டர் அங்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். ஆணியில் தொங்கிய சாம்பற்பச்சை மேலங்கியையும் தொப்பியையும் முதலில் வரைந்துகொண்டார். பின்னர் மேசையருகே முகத்தைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். வீடு திரும்பி இரண்டையும் இணைத்தார். கண்டோர் அனைவரும் உடனே அடையாளம் கண்டனர். இன்று அப்படம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இச்செய்திக்கு ஆதாரம் பாரோவின் நினைவுக் குறிப்பு. அது அச்சேறியது 1849இல், நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து. எனவே அதன் நுணுக்கங்களைச் சற்று எச்சரிக்கையுடனேயே கொள்ள வேண்டும்.

கேவெண்டிஷின் கையெழுத்துப் படிகளுக்கும் இதையொத்த வரலாறு உண்டு. மின்னியல் ஆய்வுகளில் பெரும்பகுதியை அவர் வெளியிடவில்லை. 1879இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தபோதுதான், கூலூம், ஓம் ஆகியோர் பெயரால் வழங்கும் விதிகளை அவர் முன்னரே எட்டியிருந்தது பரவலாகத் தெரிந்தது. மின்னோட்டத்தின் அளவை அவர் தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியைக் கொண்டே ஒப்பிட்டிருந்தார்.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. தாள்களை அவர் எரிக்கவில்லை. தேதியும் அளவீடும் குறித்துப் பேணிவைத்தார். பின்வருவோர் படிக்கக்கூடும் என்ற வாய்ப்பை அது மூடிவிடவில்லை. முகத்தைப் பொறுத்தவரை அத்தகைய வாய்ப்பை அவர் எங்கும் விட்டுவைக்கவில்லை. அறிவுலகின் ஆர்வமும் நண்பர்களின் நல்லெண்ணமும் ஒருவரது மறுப்பை எவ்வளவு எளிதாகக் கடந்துவிடும் என்பதற்கு இப்படம் சான்று. ஏமாற்றத்தில் பங்கேற்றவர்கள் அவரை மதித்த சகாக்களே.

படத்தை இனி மறைத்துவைப்பதால் பயனில்லை. ஆனால் அதனை எடுத்தாளும் நூல்கள் ஓவியர் பெயருடன் நில்லாமல், அது எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். கேவெண்டிஷின் மறுப்பும் அவரது வரலாற்றின் ஒரு பகுதியே.