பீலியும் அலைவரிசையும்: மலைநாட்டுத் தொலைக்காட்சியின் பங்கீட்டு வரலாறு

அக்கரப்பத்தனையை உள்ளிட்ட மலைநாட்டுத் தோட்டங்களின் லயங்களை அறிந்தோர்க்குப் பீலிக்கரையை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. பல காம்பிராக்களுக்கு ஒரு பீலி என்பதே அங்கு நெடுங்கால வழக்கு. ஒரு குடும்பம் நீர் பிடிக்காத நேரத்தில் மற்றொரு குடும்பம் பிடிப்பதனால் ஒரு பீலி பலருக்குப் போதியதாயிற்று. ஆனால் விடியுமுன் தப்பொலி கேட்டு எல்லாரும் பிரட்டுக்குப் புறப்படும் வேளையில் அதே பீலியடியில் குடங்கள் வரிசையாக நின்றன. பங்கீட்டின் ஆதாயமும் இடரும் இவ்விரு காட்சிகளிலும் அடங்கியுள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடர்பியல் அறிஞர் கம்பியையும் அலையையும் பற்றி வகுத்த கணக்கும் இதுவேயாகும்.

அக்கணக்கை முறையாக எழுதத் தொடங்கியவர் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியிற் பணியாற்றிய ஏர்லாங் என்னும் டென்மார்க்குக்காரர். தொலைபேசி அழைப்புகள் எவ்வாறு தற்செயலாக வந்து சேர்கின்றன என்பதை அவர் 1909இல் ஆராய்ந்தார். இத்தனை கம்பிகள் இருப்பின் எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும் என்பதற்கான சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். அதன் பயனைக் கண்கூடாகக் காட்டியது அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்டு 1956இல் திறக்கப்பட்ட முதலாவது தொலைபேசி வடமாகும். தொடக்கத்தில் அது 36 உரையாடல்களையே ஒருங்கே தாங்கியது. உரையாடும் இருவருள் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார்; இருவரும் வாளாவிருக்கும் கணங்களும் உள. அம்மௌனங்களில் பிறருடைய பேச்சை இட்டு நிரப்பும் கருவி 1960இல் பொருத்தப்பட்டபோது அதே வடம் ஏறத்தாழ இருமடங்கு உரையாடல்களைச் சுமந்தது. பலரும் ஒரே கணத்தில் வாய் திறந்தால் யாரோ ஒருவருடைய சொல்லின் முதலொலி அறுபட்டுப் போகும். அவ்விழப்பு பொறுக்கத்தக்கது என்று கணித்தே கருவி அமைக்கப்பட்டது. இதுவே புள்ளிவிபரவியற் பன்மையாக்கம் எனப் பிற்காலத்தில் பெயர் பெற்ற முறையின் தொடக்க வடிவங்களுள் ஒன்று.

இலங்கைத் தொலைக்காட்சியோ இதற்கு மாறான பங்கீட்டுடன் தொடங்கியது. 1979 ஏப்ரலில் ஆரம்பித்த சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையுமே எட்டியது. 1982 பெப்ரவரி 15இல் யப்பானிய உதவியுடன் தொடங்கிய ரூபவாஹினியே மலைநாட்டுக்குப் படத்தைக் கொணர்ந்தது. நுவரெலியாவுக்கு மேலே 2524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலையின் உச்சியில் அதன் பரப்புநிலையம் அமைந்தது. அக்கரப்பத்தனைக்கு அம்மலை அயலே ஆயினும், இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன ஆதலின், முகடுகளின் மறைவிலிருந்த லயங்களுக்கு அவ்வயன்மை முழுப் பயன் தரவில்லை. மின்சாரம் எட்டாத காம்பிராக்களில் வாகனப் பற்றரியைக் கொண்டு கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை இயக்கினர். ஒரு பெட்டியின் முன் ஒரு லயமே அமர்ந்திருந்த காலம் அது.

அவ்வாறு வந்து சேர்ந்த அலைவரிசையும் பங்கிடப்பட்டதே. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழிக்கும் ஒரே அலைவரிசையின் நேரம் கூறுபோடப்பட்டது. தமிழின் கூறு சிறிது. அரச ஒளிபரப்பின் இரண்டாம் அலைவரிசையையும் பின்னாளில் சனல் ஐ, நேத்ரா என்னும் இரு சேவைகள் நேரம் பிரித்தே பகிர்ந்தன; அவற்றுள் நேத்ரா தமிழுக்குரியது. இது கடிகாரத்தால் ஆகும் பங்கீடு. விரயம் மிக்கதாயினும் இதற்கொரு நற்குணம் உண்டு: கூறு எவ்வளவு என்பது நிகழ்ச்சி நிரலில் அச்சாகும். குறைக்கப்பட்டால் நிமிடங்களை எண்ணிக் கேட்கலாம்.

ரூபவாஹினி பிறந்த அதே 1982ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்றுவதற்கான சர்வதேச விதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்விதிப்படி ஒரு படவோட்டத்துக்குச் செக்கனுக்கு 216 மெகாபிட் வேண்டும். எந்த ஒளிபரப்பாலும் தாங்கவொண்ணாத சுமை இது. 1993 ஏப்ரலில் சென்னையிலிருந்து சன் தொலைக்காட்சி தொடங்கியபோது செய்மதி ஒளிபரப்பு பழைய தொடரலை முறையிலேயே நிகழ்ந்தது. செய்மதியின் ஒரு திரான்ஸ்பொண்டர் பொதுவாக ஓர் அலைவரிசையையே சுமந்தது. 1990களின் நடுப்பகுதியில் எம்பெக்-2 என்னும் சுருக்கமுறை வந்தபின் 216 மெகாபிட் நான்கைந்தாகச் சுருங்கியது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறியதை மட்டும் அனுப்புவதே அதன் உயிர்நாடி.

இங்கேதான் பழைய தொலைபேசிக் கணக்கு மீண்டும் தலைகாட்டியது. சுருக்கப்பட்ட படத்தின் தேவை நிலையானதன்று. அசையாத பின்னணியில் செய்தி வாசிப்பவருக்குச் சிறிது போதும். துடுப்பாட்ட மைதானத்தின் புல்லும் ஆரவாரிக்கும் கூட்டமும் பந்தைத் துரத்தும் கமராவும் பன்மடங்கு கேட்கும். மலையை மூடும் பனிமூட்டத்தை மிகச் சில பிட்டுகளில் அனுப்பிவிடலாம். காற்றில் அலையும் தேயிலைச் சரிவு சுருக்குவோரைத் திணறவைக்கும் காட்சி. செய்மதி வழியே செக்கனுக்கு 38 மெகாபிட் கிடைப்பதாகவும், ஒவ்வோர் அலைவரிசையின் உச்சத் தேவை 8, சராசரி 4 என்றும் கொள்ளலாம். உச்சத்துக்கேற்ப ஒதுக்கினால் நான்கு அலைவரிசைகளே அடங்கும். பொதுவில் வைத்துக் கணத்துக்குக் கணம் பகிர்ந்தால் எட்டு அடங்கும். ஓட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றனவாயின், அவற்றின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்போது கூட்டுத்தொகையின் ஏற்ற இறக்கம் இரு மடங்கே ஆகும். ஆகவே கூட்டம் பெருகப் பெருகப் பங்கீடு சிறக்கும். 2000ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் டயலொக் போன்ற நிறுவனங்களின் செய்மதித் தட்டுகள் லயக்கூரைகளில் ஏறியதற்கும், ஒரு சிறு தட்டில் பல மொழி அலைவரிசைகள் வந்திறங்கியதற்கும், எண்முறைச் சுருக்கத்தோடு இப்பங்கீடும் துணைநின்றது.

இணைய வலையமைப்பின் வழியே தொலைக்காட்சி செல்லத் தொடங்கியபோது கணக்கு சற்றே புரண்டது. 188 பைட் கொண்ட படப்பொதிகள் ஏழு சேர்ந்து 1316 பைட்டாக ஓர் இணையப் பொதிக்குள் அடைக்கப்படுகின்றன. பொதி பிந்தலாம், தொலையலாம். ஆதலின் வாங்குமிடத்தில் சிறிது தேக்கிவைத்து ஒழுங்குசெய்ய வேண்டும். ஆயினும் பெரிய வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. இலங்கை ரெலிகொம் 2008இல் தொலைபேசிக் கம்பி வழியாகப் பியோ தொலைக்காட்சியைத் தொடங்கியது. நகரங்களை இணைக்கும் தடித்த வடத்தில் பல ஓட்டங்கள் கூடிச் செல்வதனால் பங்கீடு பலிக்கும். தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் செப்புக் கம்பியிலோ பார்க்கப்படும் ஓரிரண்டு ஓட்டங்களே செல்கின்றன. பகிர்வதற்கு அயலார் இல்லை. அங்கு உச்சத் தேவையைக் கத்தரித்தே ஆகவேண்டும். அக்கம்பியின் வேகமும் தூரத்தோடு தேய்ந்து சில கிலோமீற்றருள் நலிந்துவிடும். நிலையத்திலிருந்து மைற்கணக்கில் விலகிச் சரிவுகளிற் சிதறிக் கிடக்கும் தோட்டப் பிரிவுகளுக்கு அது பொருந்தாத வழி. ஆகாயத்திலிருந்து எல்லார்க்கும் பொதுவாகப் பொழிவதே அவற்றுக்கு வாய்த்தது.

பொதுவாகப் பொழிவதிலும் எல்லாரும் சமம் அல்லர். மேற்கூறிய கணக்கு, தேவைகள் வெவ்வேறு கணத்தில் உச்சமடையும் என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. பல அலைவரிசைகளும் ஒருங்கே பரபரப்பான காட்சியைக் காட்டினால் அது பிரட்டு நேரத்துப் பீலியாகிவிடும். அப்பொழுது யாருடைய படம் மங்கவேண்டும் என்பதைக் கருவி தானாகத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வோர் அலைவரிசைக்கும் கீழெல்லை, மேலெல்லை, முன்னுரிமை ஆகியவற்றை இயக்குபவர் முன்கூட்டியே ஓர் அட்டவணையில் எழுதிவைக்கிறார். விளையாட்டுக்கு உயர்ந்த எடை தரலாம். வருமானம் குறைந்த மொழிக்குத் தாழ்ந்த கீழெல்லை தரலாம். இரண்டும் தொழினுட்பத்தால் இயல்வன. தாழ்ந்த கீழெல்லை வாய்த்த படம் முக்கிய கணத்திற் கட்டங்கட்டமாகச் சிதையும். லயத்திலிருந்து பார்ப்பவர் மழையையோ தட்டையோ நொந்துகொள்வார். பழைய நேரப் பங்கீட்டின் அநீதி நிகழ்ச்சி நிரலில் தெரிந்தது. இவ்வட்டவணை எப்பத்திரிகையிலும் அச்சாவதில்லை. நிமிடக் கணக்கிலும் அகப்படுவதில்லை.

தரைவழி ஒளிபரப்பையும் எண்முறைக்கு மாற்ற இலங்கை அரசு யப்பானிய முறையைத் தெரிந்து 2014இல் அந்நாட்டுடன் கடன் உடன்படிக்கை செய்தது; வேலை ஆண்டுகள் பலவாகத் தாமதித்தது. அம்முறை ஓர் அலைவரிசையை 13 துண்டங்களாகப் பிரிக்கிறது. யப்பானில் அவற்றுள் 12 பெரிய திரைகளுக்குச் செல்ல, நடுவிலுள்ள ஒரு துண்டம் கையடக்கச் சிறு கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பெரிய திரைகளின் தேவை எவ்வளவு ஏறினாலும் அத்துண்டத்தின் பிட்டுகள் அவற்றுக்குச் செல்வதில்லை.