கையை விட்டகன்ற துவக்கு

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கி மேற்கே செல்லும் பெருவழியில் அமைந்த பழம்பதி முள்ளியவளை. ஒல்லாந்தர் காலத்து வன்னிப் பற்றுகளுள் ஒன்றாக அதன் பெயர் வழங்கிற்று. வயலும் குளமும் ஒருபால். அடர்ந்த காடு மற்றொருபால். யானையும் பன்றியும் விளைநிலத்தை நாடிவரும் இத்தகைய நாட்டில், துவக்கு என்பது உழவன் அறியாத பொருளன்று. ஏரும் மண்வெட்டியும் போல அதுவும் ஒரு கருவியாகவே கருதப்பட்டது. ஆயினும் ஏருக்கும் துவக்குக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. ஏர் உழவனின் கையை விட்டகன்றால் வெறும் மரமாகிவிடும். துவக்கோ கையை விட்டகன்ற பின்னும் துவக்காகவே இருக்கும். அதனைப் பைக்குள் வைத்தாலென்ன, புதருக்குள் மறைத்தாலென்ன, அது தன் தொழிலை மறப்பதில்லை. இவ்வுண்மையை மாந்தர் எவ்வாறு கற்றனர் என்பது, துவக்கின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயமாகும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தபோது அவர்களிடம் இருந்தது திரித் துப்பாக்கி. எரியும் திரியொன்றைப் பொறியால் மருந்தின்மேற் சாய்த்தே அதனை வெடிக்கச் செய்தனர். இந்நாட்டுக் கொல்லர்கள் அக்கலையை விரைவிற் கற்று, அடிக்கட்டை இரண்டாகப் பிளந்த தமக்கேயுரிய ஒரு துப்பாக்கி வகையை உருவாக்கினர். திரித் துப்பாக்கியால் ஒரு பாதுகாப்பும் இருந்தது. அதனை எவரும் ஆயத்த நிலையில் மறைத்து வைத்தல் இயலாது. திரியின் கனலும் புகையும் நாற்றமும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். பையில் இட்டாற் பையே எரிந்துபோகும்.

அக்காலத்தை ஒட்டியே ஐரோப்பாவிற் சக்கரப் பூட்டுத் துப்பாக்கி தோன்றியது. முறுக்கி வைத்த சக்கரம் சுழன்று கல்லில் உரசித் தீப்பொறி எழுப்பும். திரி வேண்டாமையால் அதனை மருந்திட்டு, முறுக்கி, ஆடைக்குள் மறைத்துச் செல்லலாம். இதன் விளைவை அரசுகள் உடனே உணர்ந்தன. மாக்சிமிலியன் பேரரசர் 1517, 1518ஆம் ஆண்டுகளில் இதற்குத் தடை விதித்தார். தடை மட்டும் போதவில்லை. 1584ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள், ஒல்லாந்தரின் விடுதலைத் தலைவராகிய ஒரேஞ்சு வில்லியம், டெல்ஃப்ட் நகரில் தம் இல்லத்திலேயே இத்தகைய கைத்துப்பாக்கியால் மாய்க்கப்பட்டார். அவருடைய மக்களின் வழிவந்தோரே 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, பின்னர் வன்னியிடம் யானைத் திறை கேட்டவர்கள்.

படைக்கலம் எவருடைய கையில் இருக்கிறதோ அவருக்கே தொண்டு செய்யும் என்பதற்கு வன்னியின் வரலாறே சான்று. 1803ஆம் ஆண்டிற் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஆங்கிலேயர் தம் காவலுக்கென வைத்திருந்த பீரங்கி அவன் வசமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், முள்ளியவளைக்கு மேற்கே ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான். இரும்புக்கும் வெண்கலத்துக்கும் உரிமையாளரை அறியும் அறிவு இல்லை. காப்பவன் விலகினால் அதனை எடுப்பவனே தலைவன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1807இல், ஸ்கொத்லாந்தின் கிறித்தவ குருவாகிய அலெக்சாந்தர் ஃபோர்சைத் புதியதொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பறவை வேட்டையில் விருப்புடைய அவர், அடித்தவுடன் எரியும் ஒருவகை மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தினார். அதிலிருந்து வளர்ந்ததே சிறு செப்புத்தொப்பி. வன்னிக் காடுகளில் நெடுங்காலம் வழங்கிய இடியன் துவக்கு இவ்வகையைச் சார்ந்தது. வாய்வழியே மருந்தைக் கொட்டி, அடைப்பிட்டு, சன்னத்தை இறக்கி, கோலால் இடித்து நிரப்புவதால் அதற்கு அப்பெயர் பொருந்திற்று.

இடியன் துவக்கை ஏந்திச் செல்பவனின் தோட்பையை எண்ணிப் பார்த்தல் தகும். மருந்து ஒரு குடுவையில். சன்னம் வேறொரு முடிச்சில். செப்புத்தொப்பி மற்றொரு சிமிழில். மருந்து நனைந்தாற் பயனில்லை. ஆகவே மாரிமழைக்கு அஞ்சி அதனை மூடிவைக்க வேண்டும். தொப்பி அடிபட்டால் எரியும். ஆகவே அதனை மருந்தோடு சேர்த்து வைத்தலாகாது. நிரப்பிய துவக்கேயாயினும், தொப்பியைப் பொருத்தாதவரை அது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சுடவேண்டிய கணத்திலேதான் தொப்பி ஏற வேண்டும். இந்தப் பிரிவினையே காட்டுவழியிற் செல்வோனுக்கும் அவன் பின்னே வருவோனுக்கும் காவலாக அமைந்தது. கருவி தாமதமானது, அத்தாமதமே அதன் அறம்.

பிற்காலப் பொறியியல் அத்தாமதத்தை அகற்றியது. 1836இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவிற் சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டின் நடுவில் உலோகத் தோட்டா பரவியது. மருந்தும் குண்டும் தொப்பியும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. முன்பு மூன்று சிமிழ்களிற் பிரிந்து கிடந்த ஆபத்து இப்பொழுது ஒன்றாகி, கைத்துப்பாக்கியின் உள்ளேயே துயில்கொண்டது. 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியச் சீமாட்டிகள் குளிருக்குக் கையை நுழைக்கும் மென்மயிர் உறையினுள் சிறு துப்பாக்கியை மறைத்துச் சென்றதுண்டு. அவ்வழக்கம் அமெரிக்காவிற் கைப்பையை அடைந்தது. துவக்குக்கெனத் தனியறை வைத்துத் தைத்த பைகளும் அங்கே விற்பனைக்கு வந்தன.

அங்கே நிகழ்ந்த ஒரு துயரம் உலகெங்கும் அறியப்பட்டது. 2014ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆம் நாள், ஐடகோ மாநிலத்தின் ஹெய்டன் என்னும் ஊரில், இளந்தாயொருத்தி பிள்ளைகளோடு கடைக்குச் சென்றாள். துவக்குக்கெனவே அமைந்த தனியறையுள்ள கைப்பை, பொருள் ஏற்றும் வண்டியில் இருந்தது. அவ்வண்டியிலேயே இரண்டு வயது மகனும் இருந்தான். பையின் வாயைக் குழந்தை திறந்தது, துவக்கு வெடித்தது, தாய் அங்கேயே உயிர்நீத்தாள். அவளிடம் துவக்கு வைத்திருக்கச் சட்டப்படி உரிமை இருந்தது, தனியறை இருந்தது, பயிற்சியும் இருந்தது. பை மட்டும் அவள் உடலோடு இல்லை. தன்னைக் காக்கவென்று தாங்கிய கருவி, கண்ணிமைக்கும் நேரத்திற் பிறிதொரு கைக்குச் சென்றது. அக்கை பகைவன் கையன்று; பெற்ற மகனின் பிஞ்சுக் கை.

இதனால் அத்துறையறிந்தோர் வற்புறுத்தும் நெறிகள் சில. பையின் அறையில் துவக்கையன்றித் திறவுகோலோ எழுதுகோலோ வேறெதுவோ இருத்தலாகாது. அவை விசையிற் சிக்கக்கூடும். விசையை முழுதும் மூடும் உறுதியான உறை வேண்டும். மெல்லிய துணி போதாது. பையைத் தோளிலிருந்து இறக்கி நாற்காலியிலோ வண்டியிலோ வைத்தலாகாது. வீட்டை அடைந்தவுடன் தோட்டாவை நீக்கி, துவக்கையும் தோட்டாவையும் வெவ்வேறாகப் பூட்டிவைத்தல் வேண்டும். உற்றுநோக்கின் இறுதி நெறி, இடியன் துவக்குக்காரனின் மூன்று சிமிழ்களன்றி வேறன்று.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. ஆகவே மேல்நாட்டுக் கைப்பைத் துவக்கு இங்குள்ள குடிமக்களின் வழக்கமன்று. ஆயினும் மறைந்த துவக்கு வன்னிக்குப் புதிதன்று. அதன் பெயர் கட்டுத்துவக்கு. பன்றியின் தடத்தில் மரத்தோடு குழலைக் கட்டி, குறுக்கே மெல்லிய கயிற்றை இழுத்துவிட்டுச் செல்வர். கயிற்றை இடறுவது பன்றியா, விறகுக்கும் தேனுக்கும் சென்றவனா என்று அது வினவாது. பன்றியின் உயரத்துக்குக் கட்டப்படுவதால் மனிதனின் காலையே அது சிதைக்கும். சட்டம் தடுத்தும் இக்கொடுவழக்கம் இலங்கைக் காடுகளினின்று நீங்கிற்றில்லை. கட்டியவன் வீட்டில் உறங்குகின்றான். துவக்கு காட்டில் விழித்திருக்கின்றது.

2009இல் முடிவுற்ற போரின்பின் இந்த உண்மையை வன்னி மக்கள் பேரளவில் உணர்ந்தனர். ஊர்திரும்பியோரை வயலிலும் வேலியோரத்திலும் மிதிவெடிகள் எதிர்கொண்டன. புதைத்தவர் எவரெனத் தெரியாது. புதைத்த பகையும் முடிந்துபோயிற்று. வெடி மட்டும் காத்திருந்தது. அடியடியாக மண்ணைத் துழாவி அதனை அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

கைப்பையும் கட்டுத்துவக்கும் மிதிவெடியும் தம்முள் வேறானவை. உணர்த்தும் பாடம் ஒன்றே. படைக்கலத்தை ஏந்துவோன் அதனைத் தன் கையில் இருக்கும்போது மட்டுமன்றி, கையை விட்டகன்ற பின்னும் காத்தல் வேண்டும். அவ்வாறு காக்க இயலாதவன் அதனை ஏந்தாதிருத்தலே நன்று. துவக்கை மறைத்துவைப்பது எளிது. அது இருப்பதை மறவாதிருத்தலே அரிது.