எண்ணெயில் கலந்த கடல்நீர்

படகினுள் அமர்ந்து உழைக்கும் டீசல் எஞ்சினுக்குப் பெரும் பகை யாது? புயல் என்பார் சிலர். பாறை என்பார் சிலர். எண்ணெயில் கலந்த நீரும் அவற்றுக்குக் குறைந்த பகையன்று. வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலறிஞர் 1897ஆம் ஆண்டில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அதில் எரிபொருளை உள்ளே செலுத்தியது அழுத்தப்பட்ட காற்று. காற்றை அழுத்தத் தனிப் பொறி ஒன்று வேண்டியிருந்தது. சிறு படகுகளுக்கு அது பெருஞ்சுமை. காற்றின் துணையின்றி எண்ணெயையே அழுத்திப் பீச்சும் முறையும் பின்னர் வளர்ந்தது. 1927இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் அதற்குரிய பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினர். எஞ்சின் எடை குறைந்தது, பொறுப்போ மிகுந்தது. அப்பம்பின் உறுப்புகளுக்கு இடையேயுள்ள வெளி, தலைமயிரின் பருமனில் ஒரு சிறு கூறே. அவற்றுக்கு மசகாக அமைவதும் டீசல் எண்ணெயே. அதில் நீர் புகுந்தால் உறுப்புகள் துருவேறித் தேயும். நீர் மிகுந்தால் எஞ்சினே நின்றுவிடும்.

நேயர்களே, பெருங்கப்பலுக்கும் இவ்விதியினின்று விலக்கில்லை. 1993 ஜனவரியில் பிரேயர் என்னும் எண்ணெய்க் கப்பல், ஏறத்தாழ 84,700 டன் கச்சா எண்ணெயுடன் நார்வேயிலிருந்து கனடாவை நோக்கிச் சென்றது. கடுங்கொந்தளிப்பில், மேல்தளத்தில் கட்டப்பட்டிருந்த இரும்புக் குழாய்கள் கட்டவிழ்ந்து உருண்டன. டீசல் தொட்டிகளின் காற்றுப்போக்கிகள் அவற்றால் சிதைந்தன. அவ்வழியே கடல்நீர் உட்புகுந்தது. ஜனவரி 5 விடியுமுன் எஞ்சினும் மின்னாக்கிகளும் ஓய்ந்தன. கப்பலில் இருந்த 34 பேரும் ஹெலிகாப்டர்களால் மீட்கப்பட்டனர். செயலற்ற கப்பலோ அன்று முற்பகலிலேயே ஸ்காட்லாந்துக்கு வடக்கிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பாறைகளில் மோதியது. எண்ணெய் கடலிற் கலந்தது. அப்பகுதியில் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. ஒரு காற்றுப்போக்கி உடைந்ததன் விளைவைக் கரையில் வாழ்ந்த மீனவர் சுமந்தனர்.

ஆகவேதான் சிறு படகிலும் சில வழக்கங்களை வழுவாது காத்தல் வேண்டும். வடிகட்டியின் அடியில் தங்கும் நீரை நாள்தோறும் வடித்தல். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதல். மாற்றியபின் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுதல். தொட்டியின் மூடியையும் காற்றுப்போக்கியையும் பயணத்துக்கு முன் பார்த்தல். நீண்ட நாள் படகை நிறுத்தி வைக்கும்போது தொட்டியைப் பெரும்பாலும் நிரப்பி வைத்தலும் நன்று. வெற்றிடம் குறைந்தால் அங்கே காற்றின் ஈரம் நீராகப் படிவதும் குறையும்.

இவற்றுக்குச் சில நிமிடங்களே போதும். மாணவர்களே, பிரேயர் கப்பலின் எஞ்சின் நின்றதற்கும் அது பாறையில் மோதியதற்கும் இடையே கழிந்தவை ஏழு மணிக்கும் குறைவான நேரமே. அந்நேரத்தில் எஞ்சினை மீண்டும் இயக்க அங்கிருந்தோரால் இயலவில்லை. கரையிலேயே செய்யவேண்டிய பணியை நடுக்கடலுக்கு ஒத்திவைத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?