ஹார்வர்டில் கட்டுரைப் பயிற்சியும் இலக்கியக் கல்வியும்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலப் பாடம் இரு கூறாக நிற்கின்றது. முதலாண்டு மாணவர் பெரும்பாலோர் கட்டுரை வரையப் பயில்வர். இலக்கியம் விரும்புவார்க்கே சிறப்பாக உரியது. இப்பிரிவைக் கல்விக் கொள்கையின் விளைவு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. ஹார்வர்டு கல்லூரியின் வரலாற்றை நோக்கின், மாணவர் ஏடுகளைத் திருத்தும் சுமைக்கும் அதில் பெரும்பங்கு உண்டென்பது புலனாகும்.

அக்கல்லூரியில் சொல்வன்மைக்கென நிறுவப்பெற்ற பாய்ல்ஸ்டன் பேராசிரியர் பதவியை 1806இல் முதற்கண் ஏற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆவார். அன்று மேடைப் பேச்சே முதன்மை பெற்றிருந்தது. எழுத்து பையப்பைய அதன் இடத்தைக் கொண்டது.

1851இல் அப்பதவிக்கு வந்தவர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு. செருமனியில் மொழிநூல் பயின்றவர். ஸ்பென்சரின் செய்யுள்களைப் பதிப்பித்தவர். சாசரின் மொழியை நுணுகி ஆராய்ந்தவர். அத்தகையார் இருபத்தைந்து ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளைத் திருத்தும் கடமையைச் சுமந்தார். ஏடு திருத்தும் ஆசிரியர் எவர்க்கும் இதனை விரித்துரைத்தல் வேண்டா. 1876இல் புதிதாகத் தோன்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அவரை இழக்க மனமில்லாத ஹார்வர்டு, ஆங்கிலப் பேராசிரியர் என்னும் பதவியை அளித்து, அச்சுமையினின்று விடுவித்தது. அதன் பயனே 1882 முதல் 1898 வரை வெளிவந்த, 305 கதைப்பாடல்களின் பெருந்தொகுப்பு. அதன் இறுதிப் பகுதி அவர் மறைந்த பின்னர் மாணவர் கிட்ரெட்ஜின் முயற்சியால் வெளியாயிற்று.

சுமை நீங்கிற்றா எனின், இல்லை, தோள் மாறியது. சைல்டின் இடத்திற்கு வந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் செய்தித்தாள் துறையில் பழகியவர். 1874இலேயே நுழைவுத் தேர்வில் கட்டுரை இடம்பெற்றிருந்தது. ‘ஜூலியஸ் சீசர்’, ‘ஐவன்ஹோ’ முதலிய நூல்களினின்று பொருள் தரப்பட்டது. ஆயினும் ஆங்கு அளக்கப்பட்டவை எழுத்துக் கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம், சொல்லும் முறை ஆகியனவே. இலக்கியம் கட்டுரைக்குக் கருப்பொருள் தந்து ஒதுங்கி நின்றது. இரண்டும் ஒருங்கே நின்ற இத்தேர்விலும் அவை உண்மையில் ஒன்றவில்லை என்பதே எம் கருத்து.

1885இல் கட்டுரைப் பயிற்சி ‘இங்கிலிஷ் ஏ’ என்னும் பெயருடன் முதலாண்டிற்கு வந்தது. 1892இல் அதனை ஆராய்ந்த குழுவினர் மூவருள் ஒருவர், முன்னர்க் கூறிய ஆடம்ஸின் பேரர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். குழுவினர் பழியைப் பள்ளிகள்மேல் ஏற்றினர். பள்ளிகள் செய்யவேண்டிய அடிப்படைப் பயிற்சியைக் கல்லூரி செய்தல் தகாது என்றனர். அறிக்கை வந்தும் பாடம் நீங்கவில்லை. தலைவர் எலியட் பாடங்களை மாணவர் விருப்பிற்கு விட்டமையால், 1897 அளவில் ஹார்வர்டில் கட்டாயமாக எஞ்சிய பாடம் இஃதொன்றே எனலாம். இலக்கிய வகுப்பு எதனையும் விரும்பித் தேராத மாணவனும் பட்டம் பெறல் இயன்றது. அவனுடைய முதலாண்டுக் கட்டுரைகளை மட்டும் யாரேனும் ஒருவர் இருந்து திருத்தியாக வேண்டியிருந்தது.